ஆடாத முள்

ஜூன் 2

அன்புள்ள மெக்கானிக் சாருக்கு,

நலம். நீங்களும் வாலுவும் அவளைப் பார்த்துக்கொள்கிற அண்ணியும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். விடுதிக்காரம்மா என் போனை வாங்கிப் பூட்டிவைத்து இன்றோடு ஒரு மாதம். கடிதத்துக்குத் தடையில்லை. இந்தக் காலத்தில் யார் எழுதப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். நம்மைப் போல இரண்டு பைத்தியங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன.

அறையில் நாலு கட்டில். மற்ற மூன்று பேருக்கும் பதினெட்டு வயது. முதல் நாள் என்னை வார்டன் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இப்போது அக்கா என்கிறார்கள். தலைவலி, வயிற்றுவலி எல்லாம் என்னிடம்தான் வருகிறது. எட்டு வருடம் நர்ஸாக இருந்தவள் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்பது அவர்களுக்கு வேடிக்கை. அவர்களுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. நாலு வாரத்துக்கு என் மதிப்பெண்: 331, 254, 338, 249. நானூறுக்கு 320 தாண்டினால்தான் இடம். அதே தலை, அதே பேனா, அதே பாடம். உயிரியல் சார் வகுப்பில் வைத்தே கேட்டார்: "மத்தவங்க எல்லாம் ஏணி ஏறுறாங்கம்மா. நீங்க மட்டும் ஊஞ்சல் ஆடுறீங்க. பரீட்சை அன்னிக்கு ஊஞ்சல் எந்தப் பக்கம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாலுவைப் பற்றி ஒன்று விடாமல் எழுதுங்கள். நல்லது மட்டும் எழுதி என்னை ஏமாற்ற வேண்டாம். என்ன சாப்பிட்டாள், எங்கே விழுந்தாள், என்ன பேசினாள், எல்லாம் வேண்டும். இந்தக் கடிதத்தின் கடைசியில் அவளுக்காக நாலு வரி எழுதியிருக்கிறேன். மடியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் டாக்டரம்மா (ஆசைதான்!)

---

ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஊஞ்சலாம், ஏணியாம். அந்த சாரை நம் தராசு ரிப்பேர் கடைக்கு அனுப்பு. ஒரே எடைக்கல்லை நாலு முறை வைத்து நாலு எடை காட்டினால் கல்லைத் திட்டுகிறவன் முட்டாள். கல் நீதான், நீ நல்ல கல். தராசு உட்கார்ந்திருக்கும் மேசை சாய்ந்திருக்கலாம், மேலே மின்விசிறி சுற்றலாம். போன வாரம் நகைக்கடைக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, "பேய் புடிச்சிருக்குப்பா, தொடாமயே ஆடுது" என்றார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. புதிதாக ஏ.சி. மாட்டியிருக்கிறார், காற்று நேராகத் தட்டில் அடிக்கிறது. பத்து நிமிட வேலை.

ஆகவே ஒரு அட்டவணை போடு. ஒவ்வொரு தேர்வுக்கும் எந்த நாற்காலி, காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், முந்தின இரண்டு நாளில் என்ன நடந்தது, தபால் வந்ததா, யாருடன் சண்டை, எல்லாம் எழுது. ஒன்றையும் விடாதே. குற்றம் எப்போதும் நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

நீ கேட்டபடி வாலுவைப் பற்றி. மூன்று வயதுக்கு வாய் முப்பது வயதுக்கு இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "அம்மா இதுக்குள்ள எங்க இருக்கு?" என்றாள். அன்று மாலை ஆறு மணிக்கு, நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நேரத்துக்கு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் அக்கா தூக்கப்போனால் கடிக்கிறாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, லேசாகக் காய்ச்சல். இப்போது தேவலை. எல்லாம் எழுதச் சொன்னாய் என்று எழுதினேன்.

உன் மெக்கானிக்

---

ஜூலை 1

அன்புள்ள உங்களுக்கு,

ஜூனில் உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மே, ஜூன் இரண்டுக்குமாக அட்டவணை இணைத்திருக்கிறேன். உங்களுக்காக இட்லித் தட்டு போலக் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள். ஜூன் மாதத்து நாலு தேர்வு: 342, 246, 340, 251. ஜன்னலோர நாற்காலியை மாற்றிப் பார்த்தேன். முட்டையை நிறுத்தினேன், ரொட்டியை நிறுத்தினேன், ஒரு வாரம் இரண்டையும் நிறுத்தினேன். ஒன்பது மணிக்கே படுத்தேன். ஊஞ்சல் நிற்கவில்லை.

குறைந்த வாரங்களில் நடப்பது ஒன்றுதான். தெரிந்த கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். வரியைப் படிக்கிறேன், அடியில் வாசல் கம்பி தெரிகிறது. நிமிர்ந்தால் இருபது நிமிடம் போயிருக்கிறது.

வாலு கடிதத்துக்குள் என்னைத் தேடினாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பக்கம் மடித்து மடித்துக் கிழிந்துவிட்டது. காய்ச்சலுக்கு என்ன மருந்து, எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று எழுதவே இல்லை. நர்ஸின் பிள்ளைக்கு இப்படி ஒரு அப்பா.

உங்கள் ஊஞ்சல்காரி

---

ஜூலை 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்றுக் கடைக்கு வேலை குறைவு. அட்டவணையை மேசையில் விரித்து நாற்காலி, ரொட்டி, தூக்கம் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் தபால் கட்டம் மட்டும் மிஞ்சியது. என் கடிதம் வந்த நாலு வாரமும் இருநூற்று ஐம்பதை ஒட்டித்தான். வராத நாலு வாரமும் முந்நூற்று முப்பதுக்கு மேல். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊரார் தராசுக்கெல்லாம் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று சொல்கிறவன், உன் முள்ளை ஆட்டுகிற காற்று என் வாயிலிருந்தே வருகிறது என்று தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

வருத்தப்படாதே. குற்றம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தேர்வு முடியும்வரை நான் நாலு வரிதான் எழுதுவேன். எல்லோரும் நலம் என்று இருக்கும். நலமாகத்தான் இருப்போம். நீயும் வாலுவைப் பற்றிக் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன். ஏழு வாரம் பல்லைக் கடித்துக்கொள். அதற்கப்புறம் அவள் உன் முந்தானையை விடப்போகிறாளா என்ன!

இங்கேயும் இதே கதைதான் நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மெக்கானிக்

---

ஜூலை 30

அன்புள்ள உங்களுக்கு,

341. 344. 343.

உயிரியல் சார் தாளை உயர்த்திக் காட்டி, "ஊஞ்சல் நின்னுடுச்சு பாத்தீங்களா!" என்றார். கெட்டிக்காரர் நீங்கள். உங்கள் நாலு வரிக் கடிதம் நல்ல மருந்து. படிக்க ஒரு நொடி, மறக்க ஒரு நொடி. கேள்வித்தாளில் இப்போது கேள்வி மட்டும்தான் தெரிகிறது.

கேட்க ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

உங்கள் மனைவி

---

ஆகஸ்ட் 5

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். கடையில் வேலை நிறைய. கலங்காமல் எழுது.

உன் மெக்கானிக்

---

அக்டோபர் 3

அன்புள்ள உங்களுக்கு,

கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு பேர் அறை. வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். தோள் கொஞ்சம் பெரிது, பிடித்துத் தைக்க வேண்டும். போன் கையில்தான் இருக்கிறது. ஆனால் இதைப் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவீர்கள், நானும் சிரித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

தேர்வில் 346. எனக்கு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். அதை எங்கேயும் மறுக்க மாட்டேன்.

தேர்வு முடிவு, கவுன்சிலிங் எல்லாம் முடித்துக்கொண்டு வந்து வீட்டில் நான் இருந்த ஒன்பது நாளைப் பற்றி நாம் பேசவே இல்லை. உள்ளே நுழைந்தபோது வாலு அண்ணிக்குப் பின்னால் போய் நின்றாள். சிறுபிள்ளை வெட்கம் என்று நீங்கள் சிரித்தீர்கள். சற்று நேரம் கழித்து, அண்ணி சொல்லாமலே, விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் கண்ணாடி டம்ளரில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சிந்தாமல் கொண்டுவந்தாள். "குடிங்க" என்றாள். நான் தூக்கினால் வந்தாள், இறக்கிவிட்டால் போனாள். ஒரு தடவைகூட என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்குக் காலில் அடிபட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைத் தாண்டிச் சமையலறைக்கு ஓடினாள், "அம்மா" என்று கத்திக்கொண்டே. அங்கே அண்ணி இருந்தார்.

அண்ணியிடம் கேட்டேன். பாவம், அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "உன் லெட்டர படிச்சா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குறா, காய்ச்ச வருது. தம்பி அதையும் ஒரு நோட்டுல எழுதி எழுதிப் பாத்தான். அப்புறம் படிக்கிறத நிறுத்திட்டான். போட்டோவையும் எடுத்து உள்ள வச்சுட்டான். அதுக்கப்புறம் புள்ள நல்லா சாப்பிட்டா, நான் பொய் சொல்லல" என்றார். உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். எடைக்கற்களுக்கு அடியில் நம் படம் இருந்தது. அவளுக்காக நான் எழுதிய வரிகள் எல்லாம் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தன.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேல் அதிகம் வந்தது. நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் அவளுக்கும் செய்தீர்கள். என் முள் நின்றபோது நான் சந்தோஷப்பட்டேன். தட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் முள் ஆடாது என்பதை நினைக்கவில்லை. ஏழு வாரம் அவளைப் பற்றிக் கேட்காமல் இருந்தேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. கடைசி இரண்டு வாரம் கஷ்டமாகவே இல்லை. இதை உங்களிடம் சொல்லாமல் ஐந்து வருடம் இங்கே படிக்க முடியாது.

ஒன்று கேட்கிறேன். கீழே இருக்கும் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அழட்டும். சாப்பிடாமல் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் மருந்து எத்தனை மில்லி என்று நான் சொல்கிறேன். எனக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். மார்க் குறைந்தால் குறைந்துபோகட்டும்.

"வாலு, நான் அம்மா. நான் காகிதத்துக்குள்ளே இல்லை. தூரத்தில் ஒரு பெரிய வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்ப்பதற்குப் படிக்கிறேன். உன் கால் காயத்தின் பொருக்கைப் பிய்க்காதே. அம்மாவுக்கு உன்னைத் தேடுகிறது."

உங்கள் மனைவி

---

அக்டோபர் 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. எல்லாம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் நிஜம். மனிதரைச் சரிபார்க்கத் தெரியாதவன் நான், தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன். படத்தை மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, வாலுவை மடியில் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்தேன். மெதுவாகப் படித்தேன். அக்கா கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மருந்தைக்கூட வாங்கி வைத்திருந்தேன். வாலு கடைசி வரை அசையாமல் கேட்டாள். காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சிடுச்சாப்பா? நான் விளையாடப் போகட்டுமா?" என்றாள்.

போகச் சொன்னேன். போனாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மறுபடி படித்தேன். ஞாயிறும் படித்தேன். அவள் அழவில்லை. நான்தான் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. வேறு கடிதம் எழுதி அனுப்பு, இது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

உன் மெக்கானிக்