ஏறிய புள்ளி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மிச்சமிருக்கும் இரண்டு பேரும் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய். போனில் உன் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். குளியலறையில் வழுக்கி என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு வார்த்தை குறையக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் அவளை அனுப்பிவை, என்னைப்போல வானத்தைப் படிக்கட்டும் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் கடைசியில் வரும். அவளுக்கும் இன்னும் தெரியாது.

அப்பா கடைசியில் உன்னைக் கேட்டாரா என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்து படி. எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சை எக்ஸ்ரே படமெடுத்தது நான்தான். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்றேன், எங்க ஓடப்போறேன் என்று சிரித்தார். படத்தில் பாதி நுரையீரல் வெள்ளையாக இருந்தது. அன்றே உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? இருபத்திரண்டு வருஷமா தூங்கின நட்சத்திர ஜோடிம்மா, அதுல ஒண்ணு கருந்துளை, பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சிச் சேர்த்து வெச்சது இப்பத்தான் பத்தி எரியுது, எக்ஸ்ரே வெளிச்சம் அடங்கினதும் ஓடி வந்துடறேன் என்றாய். தொலைநோக்கி இருப்பது விண்வெளியில், நீ பார்ப்பது திரையை. இங்கே திரை இல்லையா? நீ பார்க்காவிட்டால் அது எரியாதா? முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவள் கேட்கிறேன்.

அவர் உன்மேல் கோபப்படவே இல்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கட்டம்போட்ட தாளை ஒட்டச் சொன்னார். நீ தினமும் அனுப்பிய அந்த ஜோடியின் வெளிச்ச அளவைச் சின்னவள் காலையில் புள்ளியாக வைப்பாள். கோடு இறங்க இறங்க அவருக்கு முகம் தெளியும். அது அணையப்போகுது, என் பொண்ணு கிளம்பிடுவா என்று ஊசி போட வந்த நர்ஸிடம் பெருமையடித்து, முகச்சவரம்கூடச் செய்துகொண்டார். பத்தொன்பதாம் நாள் நீ அனுப்பிய அளவு ஏறியிருந்தது. சின்னவள் பென்சிலோடு சமையலறைக்கு வந்து, கீழயே வெச்சிடட்டுமாம்மா, அப்பாவுக்குத் தெரியவா போகுது என்று காதில் கேட்டாள். படத்துல என்ன இருக்கோ அதைத்தான்டி சொல்லணும் என்று பக்கத்தில் நின்று வைக்கவைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அதுக்கு இன்னும் பசி அடங்கல போல என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் உன்னைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அனுப்பியது நீ, வைக்கச் சொன்னது நான், வைத்தது இவள் கை. பங்கு போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் அந்தத் தாளைக் கழற்றப் போனேன். அவர் போன பிறகும் புள்ளிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, தாள் முடிந்து இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. யாருக்குடி இதெல்லாம் என்றேன். அது இன்னும் முடியலையேம்மா என்றாள். அதே முகம், நீ வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு வைத்திருந்த முகம். ஆகவே பதில் இதுதான். அனுப்ப மாட்டேன். பள்ளிப் படிவத்தில் அறிவியல் பிரிவை அடித்து வணிகப் பிரிவு என்று போட்டு, இடது கையால் கையெழுத்திட்டு, இன்று காலையே கொடுத்துவிட்டேன். பேனா நிற்கிறது. எழுதுடி என்கிறேன். எழுதுகிறாள்.

நீ நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு. வேளைக்குச் சாப்பிடு, திரையைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இனி எந்த அளவையும் இங்கே அனுப்பாதே, வைக்கத் தாள் இல்லை, இரண்டையும் கிழித்துவிட்டேன். இவள் கையெழுத்தைப் பார்த்தாயா, எங்கேயும் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறாள். நான் வளர்த்த பிள்ளை.

இப்படிக்கு,
இடது கையால்,
அம்மா