தலைப்புக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 2

செல்ல மகளுக்கு,

நான் சௌக்கியம்; தொப்பை என்னைவிட சௌக்கியம். உன் கல்லூரிப் படத்துக்குத் தலைப்பு வேண்டும் என்று நீ போனில் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து, "என் பொண்ணு என்கிட்டதான் சார் கேக்குறா" என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவையே அவர் கதவைச் சாத்தப் பார்த்தார்.

வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாக 'வீட்டுக்காரி சொன்னாள்' என்று சிரிப்புப் பத்தி எழுதுகிறவனை விட்டால் நீ வேறு யாரைக் கேட்பாய்? ஆனால் "ஒரு பெண் அறையில் உட்கார்ந்து படிக்கிறாள், பன்னிரண்டு நிமிஷம்" என்றால் எப்படி? எதைப் படிக்கிறாள், கரண்ட் பில்லையா? குத்துமதிப்பாக மூன்று: 'படிப்பாளி', 'கண்ணாடி எங்கே', 'அடுத்த பக்கம்'.

உன் அம்மா தனியாகப் போன பிறகு என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொள்கிறேன். லீவில் வாயேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

தலைப்பு கேட்டது ஒரு சாக்கு. விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. படத்தில் படிப்பது அம்மா. படிப்பது உங்கள் பத்திகளை.

அம்மாவின் வாடகை அறையில் கேமராவை வைத்து, "படிம்மா" என்றேன். அவள் குறட்டை, அவள் இடுப்பு, அவள் சமையல் எல்லாவற்றையும் மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல வாசித்தாள். வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

பத்திகளை எழுதியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் கல்லூரியில் படத்தை ஏற்க மாட்டார்கள். எனக்கு இந்த வருஷமே போய்விடும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்புக் கட்டம் காலி, அம்மா யோசிக்கிறாள். இருபதாம் தேதி கடைசி.

மகள்


மார்ச் 12

மகளே,

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை என்றால் வாசித்த விதம் சரியில்லை. கையெழுத்துதானே, போடுகிறேன். தலைப்பு மட்டும் என்னுடையது: 'சிரித்துக்கொண்டே சம்மதித்தவள்'.

காரணம் உண்டு. என் கிறுக்கல் அச்சுக்கோப்பவருக்குப் புரியாது என்று ஒவ்வொரு பத்தியையும் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தது யார்? அவளேதான். தன் குறட்டையைத் தன் முத்து முத்தான எழுத்தில். பிடிக்காவிட்டால் ஒரு வரியையாவது விட்டிருக்கலாமே, விட்டாளா? என்னைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் இதையும் படத்தில் சொல்.

என் தலைப்பை ஒத்துக்கொண்டு ஒரு வரி எழுது. கையெழுத்து மறு தபாலில் வரும்.

அப்பா


மார்ச் 15

அப்பா,

விட்டாள். ஒரே ஒரு தடவை, தாத்தா செத்த வாரம். அவள் அழுததை, "குக்கர் மாதிரி மூன்று விசில் விட்டுவிட்டு இறங்கினாள்" என்று எழுதியிருந்தீர்கள். பிரதி எடுக்கும்போது அந்த வரியை எழுதாமல் விட்டாள். நீங்கள் ஓரத்தில் அதை எழுதிச் சேர்த்துவிட்டு, "இதுலதான்டி சிரிப்பே இருக்கு" என்றீர்களாம்.

அந்தத் தாளை அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கி வைத்திருக்கிறாள். படத்தில் அதைக் காட்டுகிறாள்.

தலைப்பும் சொல்லிவிட்டாள்: 'சுத்தப் பிரதி'. வேறு தலைப்பு வைக்க மாட்டேன். கையெழுத்துப் போடுவது உங்கள் இஷ்டம். வருஷம் போனால் போகட்டும்.

மகள்


மார்ச் 17

கண்ணு,

நேற்று முழுக்க நினைத்துப் பார்த்தேன். குக்கர் ஞாபகம் வந்தது, அவள் முகம் வரவில்லை. கையெழுத்துப் போட்டு, கட்டத்தில் அவள் சொன்ன தலைப்பையே எழுதிவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். பத்தி கொடுக்க வேண்டிய நாளும் நேற்றாகப் போயிற்று. வேறு சரக்கு இல்லை. 'வீட்டுக்காரி சினிமாவில் நடிக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த இதழ் அம்மா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

படம் போடும் அன்று எனக்கு முன்வரிசையில் ஒரு இடம் பிடித்து வை. அவளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அப்பா


மார்ச் 24

அப்பா,

படிவம் வந்தது. படத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இதழ் கடைக்கு வந்த அன்றே அம்மா வாங்கிவிட்டாள். "கேமராவ எடு" என்று மட்டும் சொன்னாள். ஒரு வரி விடாமல் படித்தாள். அதைக் கடைசியில் சேர்க்கக் கல்லூரியில் அனுமதி வாங்கிவிட்டேன். இப்போது படம் பதினான்கு நிமிடம்.

புதுப் பத்திக்குத் தனியாகக் கையெழுத்து வேண்டுமாம். படிவம் இத்துடன் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் போதும். படம் போடும் அன்றைக்கு நீங்கள் வர வேண்டாம்.

மகள்