மே லில்லி மேல ஸ்கூட்டர் வேண்டாம்

அப்பா,

மீன் கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க. நான் வாஷி நர்சரிக்குப் போறேன், ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்.

ஜன்னலுக்குக் கீழ மண்ணு சும்மாதான கெடக்குன்னு ஸ்கூட்டர அங்க ஏத்திராதீங்க, ப்ளீஸ். அடியில பன்னெண்டு மே லில்லி கெழங்கு இருக்கு. "செத்த செடிக்கு எதுக்குட்டி காவல் இருக்க?"ன்னு நேத்து சிரிச்சீங்கல்ல? அரே, சாகலப்பா, தூங்குது! குளிருக்கு எல காஞ்சிரும், மே மாசம் தானா பூக்கும். ஒருக்கா நட்டா வருசா வருசம் வரும்.

நேத்து கத்துனதுக்கு சாரி. ஒரு விஷயத்துல நீங்கதான் கரெக்ட். உசரமா வளர்ற செம்பருத்திய முன்னாடி நட்டுட்டேன், பின்னாடி இருக்கது எல்லாம் மறைஞ்சிரும். ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு வந்து மாத்தணும். கூட நீங்க வேணும்.

லிசா

அப்புறம், செருப்பு மாட்ட வெளிய வந்தப்பதான் பார்த்தேன். ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளிய நிக்குது, மண்ணச் சுத்தி செங்கல் அடுக்கியிருக்கு. எப்பப்பா எந்திரிச்சு இதெல்லாம் செஞ்சீங்க? செஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பப் படுத்துத் தூங்குறீங்க!

மேல எழுதுனத எல்லாம் விட்டுருங்க. மீன் கொழம்பத் தவிர.