ஹாக்கி ஆடும் எலி

இந்த வீட்டின் சகல குடிமக்களுக்கும், அதாவது என் கணவர் ஓரெஸ்டாகிய உங்களுக்கும் நாய்க்கும், இதனால் அறிவிப்பது: நம் பிக்கப் வண்டியின் ஹீட்டர் இன்று காலை உயிர்பெற்று, வெந்நீர் அண்டா மாதிரி அனல் வீசுகிறது.

"எலி வயரைக் கடிச்சிருக்கு லோர்னா, டேஷ்போர்டையே கழட்டணும். வசந்தம் வரட்டும். மைனஸ் முப்பதுல உங்கம்மாவை இதுலயா கூட்டிட்டு வர்றது, பாவம்?" என்று மாமியாருக்காக உருகினீர்களே. டேஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஹீட்டர் விசிறியின் வயர் முழுசாக இருந்தது. அதைக் கழற்றி, முனையில் உங்கள் ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் டேப்பை மடிப்பு விழாமல் சுற்றியிருந்தது அந்த எலி. வயரைத் திரும்பச் செருகினேன், அவ்வளவுதான் வேலை.

முட்டைக்கோஸ் சுருள் ஓவனில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். எலிக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். விருந்தினர் அறைக் கட்டிலிலிருந்து உங்கள் மீன்பிடிச் சாமான்களை எடுத்துவிடுங்கள்.

பி.கு.: உங்கள் தடித்த கையுறையை நான் போட்டுக்கொண்டு போகிறேன். வெளியே போகாதீர்கள், இருமல் இன்னும் விடவில்லை.

இன்னொன்று: பஸ் நிலையத்துக்குத்தான் போகிறேன். அம்மா வசந்தம்வரை இருப்பாள்.