துரை வீட்டுப் புல்லு

பூங்காவனத்துக்கு உன் வீட்டுக்காரன் கன்னியப்பன் எழுதிக்கிறது. நான் சௌக்கியமாத்தான் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடுறியா? அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா?

இங்க சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல துரை பங்களாப் புல்தரை மழையில பாசி பிடிச்சு, திட்டுத்திட்டா சொட்டையாப் போச்சு. செலவில்லாம சரி பண்ணுன்னாரு துரை. சும்மா கிடைக்குதேன்னு தங்க ஆலைக் கழிவு மணலை அள்ளிப் போட்டேன். அதுல இருந்த சயனைடு விஷத்துல பாசியோட மிச்சப் புல்லும் கருகிப்போச்சு! "இன்னாய்யா, நீயெல்லாம் தோட்டக்காரனா?"ன்னு குதிரைக்கார வேலு சிரிச்சான். அப்புறம் அந்த மணலை வாரி வெளியே கொட்டிட்டு, பேத்தமங்களா ஏரிக்கரை அறுகம்புல்லைக் கொண்டாந்து, கணுக்கணுவா நறுக்கி, சாணித் தண்ணியில நனைச்சு நட்டேன். இப்போ நல்லாப் படர்ந்துடுச்சு. துரையோட பொண்ணு அதுலதான் தத்தித் தத்தி நடை பழகுது. நான் அந்தப் பக்கம் பாக்கிறதில்லே.

நம்ம பொண்ணு அஞ்சலையைப் புதைச்ச மேட்டை மழை கரைச்சிருக்குமே, பூங்காவனம். ஒரு பிடி மண்ணு போடக்கூட எனக்கு லீவு தரலே. நீ அதுமேல இதே மாதிரி அறுகு நடு. ஆடு மேயாம முள்ளு வை.

துரை கூப்பிடுறாரு. நான் வர்றப்ப, பெத்தவனுக்கு எந்த மேடுன்னு யாராவது கை காட்ட வேண்டிய மாதிரி ஆயிடக் கூடாது.