புதன்கிழமை விதைப்பாசியைக் கலக்க வேண்டாம்

அனுப்புநர்
ஸுவேனா ஹாஜி மகாமே,
கடல்பாசி வளர்ப்பவர்,
கிடுண்டானி, உங்குஜா கிழக்குக் கரை,
சான்சிபார்.

பெறுநர்
கடல்பாசிப் பிரிவு அலுவலர் அவர்கள்,
கிழக்குக் கரை வட்டாரம்.

பொருள்: என் பாத்தியின் நோய்ப் பரிசோதனை முடிவு வரும்வரை, எல்லாப் பாத்திகளின் விதைப்பாசியையும் கலந்து பங்கிடுவதை நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பாசியை வெளிறச் செய்து, கயிற்றிலிருந்து கரைத்து உதிர்ப்பது கடல் பாக்டீரியாதான் என்று நகரத்துக் கடல் ஆய்வுக்கூடம் சனிக்கிழமை உறுதி செய்தது. மாதிரி என் நாத்தனார் ம்வாதிமா காமிஸின் பாத்தியில் எடுக்கப்பட்டது. செத்த பாசியைக் கரைத்துக் கடலைத் துப்புரவாக வைப்பதும் இதே பாக்டீரியாதான் என்றார் ஆய்வாளர். தண்ணீர் சூடேறி உயிருள்ள பாசி தளர்ந்தால் அதையும் தின்னத் தொடங்குமாம். பாக்டீரியா மீது எனக்குப் புகார் இல்லை.

2. ஒருத்தியின் கயிறு வெறுமையானால் மற்றவர்கள் அதில் கட்டி வளர்க்க ஆளுக்கொரு கைப்பிடி விதைப்பாசி கொடுப்பது எங்கள் வழக்கம். டிசம்பரில் ம்வாதிமாவின் பாத்தியை அலை அடித்துச் சென்றபோது அப்படித்தான் கொடுத்தார்கள். வெள்ளை விழுந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள், மனதில் கள்ளமில்லை. அவள் பாத்தி தழைத்ததும் வாங்கிய கைப்பிடிகளைத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது கரை முழுக்க வெள்ளை.

3. என் பாத்தி மட்டும் கால்வாய்க்கு அப்பால், ஆழத்தில் உள்ளது. அந்த வாரம் அங்கே நீர் வற்றாததால் நான் கொடுக்கவில்லை. அதனால் திரும்ப வாங்கவும் இல்லை.

4. எல்லாப் பாத்தியிலும் அறுத்து, ஒரே குவியலாகக் கலந்து, புதன்கிழமை சமமாகப் பங்கிடப்போவதாகக் கள அலுவலர் திரு. பாண்டு உசி அறிவித்தார். என் பாத்தியின் பரிசோதனை முடியட்டும் என்றேன். "அக்கா, கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கெல்லாம் பயந்தா கடல்ல கால் நனைக்க முடியுமா? உங்க ஊரு வழக்கத்தத்தான சர்க்கார் செய்யுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எண்ணம் நல்லதே.

5. ம்வாதிமா சிரிக்கவில்லை. "அண்ணி, ஒரு கைப்பிடி பாசிக்கே கை வரல. நாளைக்கு நீ மவுத்தானா கஃபன் துணி போர்த்த எவ வருவா?" என்றாள். "சாகுறத வியாழக்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கறேன்டி" என்றேன். அதன்பின் எங்களுக்குள் பேச்சு இல்லை.

6. என் பாத்தி சுத்தமானது என்று நான் உறுதி கூறவில்லை. கடல் வற்றும்போதெல்லாம் இடுப்பளவு நீரில் போய்க் கயிறுகளைத் தடவிப் பார்க்கிறேன். நேற்று ஒரு நுனி வெளிறியிருந்தது. வெயிலா, நோயா, தெரியவில்லை. அந்த நுனியும் ஆய்வுக்கூடத்தில் உள்ளது. நோயில்லை என்றால் ஊரில் மிஞ்சியிருக்கும் நல்ல விதை என் பாத்தியில் உள்ளது ஒன்றே. குவியலில் சேர்ந்துவிட்டால் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது.

7. ஆகவே, பங்கீட்டைத் தள்ளிவைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விதை நல்லது என்றால், முதல் கைப்பிடியை ம்வாதிமாவுக்கும் பிறகு எல்லாருக்கும் நானே அறுத்துத் தருவேன். நோய் என்றால், முழுவதையும் கரையேற்றிக் காயப்போட்டுவிடுவேன். ஒரு துண்டும் விதைக்குப் போகாது.

8. பங்கீடு புதன் (29) காலை. ஆய்வு முடிவு வியாழன் (30) மாலை வரும் என ஆய்வாளர் தெரிவித்துள்ளார். ஞாயிறுவரை கடல் நன்றாக வற்றும் என்பதால், பொறுத்திருந்தாலும் யாருக்கும் நடவு தவறாது. தங்கள் உத்தரவு செவ்வாய் மாலைக்குள் கிடைக்க வேண்டும். கரையில் கூடைகளை இப்போதே அடுக்குகிறார்கள்.

இடம்: கிடுண்டானி
நாள்: 27.01.2025, திங்கள்

தங்கள் உண்மையுள்ள,
ஸுவேனா ஹாஜி மகாமே
(கையொப்பம்)