ஏணி இல்லாத கிரேன்

மார்ச் 3, திங்கள்

முழங்கால் இன்றும் வீங்கியிருக்கிறது. கிரேன் கேபினுக்கு ஏறும்போது ஏணியின் பாதியில் நின்று, போன் பேசுவதுபோல் நடித்தேன். துறைமுகத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் மறுநாளே கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் சீட்டு கிழிக்க உட்காரவைத்துவிடுவார்கள். கன்டெய்னர் பெட்டி தூக்காமல் நான் என்ன செய்வேன்?

மகள் மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்திருக்கிறாள். "ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா" என்று தினமும் கெஞ்சல். காலில் இருக்கிற தெம்பை ஏணிக்கே மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாடிக்கு எங்கே போவது!

மார்ச் 6, வியாழன்

சந்தோஷம் தாங்கவில்லை! போன வாரம் கிரேன்களில் கேமரா பொருத்தியது எதற்கென்று இன்றுதான் சொன்னார்கள். இனி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் உட்கார்ந்தே ஓட்டலாம். இங்கே கப்பல் இல்லாத நேரத்தில், கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டுத் துறைமுகத்தின் கிரேனையும் ஓட்டலாம். ஏணியே கிடையாது. ஏணியே கிடையாது — இரண்டு தடவை எழுதினால்தான் நம்ப முடிகிறது.

ஒட்டகம் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பக்கத்து கிரேன்காரன், கழுத்தை நீட்டி நீட்டிக் கீழே பார்ப்பதால் வந்த பெயர். "நாம அவங்க கிரேனை ஓட்டினா, நாளைக்கு எவனோ எங்கேயோ உக்காந்து நம்ம கிரேனை ஓட்டுவான். யோசிச்சியா?"

யோசித்தேன். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் என் கண் முன்னால் நாளைக் காலை ஏணிதான் நிற்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். தேர்வில் பாதிப் பேரைத்தான் எடுப்பார்களாம்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சி. ஊத்திக்கிச்சு.

லாரிமேல் பெட்டியை இறக்குகிறேன். உட்கார்ந்ததா இல்லையா, தெரியவில்லை. கேபினில் என்றால் சீட்டிலேயே ஒரு குலுங்கல் வரும். இங்கே நாற்காலி தேமே என்று கிடக்கிறது. இன்னும் இறக்கி, கம்பிக் கயிறு தொய்ந்து, திரையில் சிவப்பு விளக்கு. திரும்பத் திரும்ப அதே கதை. சொல்லிக்கொடுக்கும் இன்ஜினியர் பெண் ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு. என்னடி பண்ணப் போற?

மார்ச் 11, செவ்வாய்

இன்று பயிற்சி இல்லை. ஏணி. வலி.

மார்ச் 12, புதன்

"அக்கா, அந்த ஹெட்ஃபோன் என்ன, அழகுக்கா கொக்கியில தொங்குது?" என்றாள் இன்ஜினியர்.

"காதை மூடிட்டா கீழ இருக்கிறவங்க கத்துறது எப்படிக் கேக்கும்?"

"இங்க கீழ யாரு இருக்காங்க, அக்கா? சத்தமே அதுக்குள்ளதானே வருது!" விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேபினில் காதை மூடக் கூடாது என்பது முதல் நாளே மண்டையில் ஏற்றிய சட்டம். அந்தப் பழக்கத்தில், அறைக்குள் நுழைந்த அன்றே ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் போட்டிருக்கிறேன். அசடு!

மாட்டினேன். காற்று, சக்கரம், கம்பிக் கயிற்றின் முனகல் எல்லாம் வந்தது. பெட்டி லாரியில் உட்கார்ந்ததும் 'டொம்'. என் கிரேன்! நாற்காலியை விட்டு எழுந்து ஆடலாம்போல் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

பாஸ்! ஒட்டகமும் பாஸ். பெயர் கொடுத்ததைக்கூடச் சொல்லவில்லை, கள்ளன்.

மார்ச் 31, திங்கள்

இன்று வெளிநாட்டு கிரேன். அங்கே அப்போதுதான் விடிகிறது. திரை முழுக்க மூடுபனி. கீழே மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். "அவருக்குத் தெரியுமா?" என்று ஒட்டகம் கிண்டல். உடனே ஹாரனை ஒரு தட்டு தட்டினேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தது இங்கே காதில் கேட்டது!

அந்த கேபினில் இதுவரை உட்கார்ந்திருந்தவர் இப்போது என்ன செய்கிறாரோ? ஒட்டகம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கும் எங்காவது ஓர் அறை கிடைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

வேலை முடிந்து வந்ததும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மொட்டை மாடிக்கு ஏறினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகள் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அம்மா, நீயா ஏறி வந்த? நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?"

"போகணுமே. ஏணிதான் இல்லையே," என்றேன்.

ஒரு தக்காளி பழுத்திருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.